வாசலில் தணிந்த காய்ச்சல்

அந்தக் கோடை முழுக்க நான் ஒரு கதவாக இருந்தேன். சேலத்தில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில், கீமோ ஊசி போடும் ஹாலுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ். அந்த மருந்து ஏறிய உடம்பில் எதிர்த்து நிற்கத் தெம்பு மிஞ்சாது. கொரோனா ஒருவரோடு உள்ளே நுழைந்தால் ஹாலையே வழித்துக்கொண்டு போய்விடும். ஏ.சி.யை அணைத்தோம், ஜன்னல்களைத் திறந்தோம், நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டோம். காய்ச்சல் என்றால் அன்று ஊசி கிடையாது. வெளியே தகரக் கொட்டகை, பரிசோதனை, காத்திருப்பு. வெயில், மேலும் வெயில், கவச உடைக்குள் முதுகோடு இறங்கும் வேர்வை, திருப்பி அனுப்பியவர்கள் திரும்பிப் பார்த்த பார்வை.

பரமத்தி வேலூரிலிருந்து ஓர் அம்மா கணவரோடு வருவார். மார்பில் புற்று. பஸ் நின்றுபோன நாட்கள் என்பதால் வெற்றிலை ஏற்றும் வண்டியில் வந்து இறங்குவார்கள். அன்றும் அந்த அம்மாவின் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினேன்.

"கல்யாண ஊட்டுல பன்னீர் தெளிப்பாங்க. நீங்க என்னங்க சிஸ்டர், துப்பாக்கி காட்டறீங்க?" என்றார் கணவர்.

காய்ச்சல் இல்லை என்றது கருவி. அம்மாவை மட்டும் உள்ளே விட்டேன்.

நரம்பு தேடி அம்மாவின் கையைப் பிடித்தபோது என் கையுறை வழுக்கியது. எல்லோருக்கும்தான் வேர்த்தது. ஆனால் இது சில்லிட்ட வேர்வை, மாத்திரை காய்ச்சலை அமுக்கிப் பிழிகிற வேர்வை. நாடியோ யாரோ துரத்துவதுபோல ஓடிக்கொண்டிருந்தது.

"மாத்திரை போட்டீங்களாம்மா?"

"வண்டில வாரப்ப ஒன்னு போட்டனுங்க சாமி. போன தடவையே ஊசி தள்ளிப் போச்சு. இன்னமும் தள்ளுனா கட்டி சும்மா இருக்குமுங்களா?"

"காய்ச்சலோட இந்த மருந்து ஏறினா உங்க உசுருக்கே ஆபத்தும்மா."

"அது போனாப் போவுதுங்க. ஊசியப் போடுங்க."

அடுத்த நாற்காலிகளில் இருந்தவர்கள் முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்கள். அம்மாவை எழுப்பிக் கொட்டகைக்கு நடத்தினேன். கணவர் பின்னாலேயே ஓடிவந்தார். "ஏனுங்க சிஸ்டர், உங்க மிசினே காச்ச இல்லைன்னுதே! அப்பறம் என்னங்க?"

பரிசோதனையில் கொரோனாதான் என்று வந்தது. அதிலிருந்து அம்மா பிழைத்து எழுந்தார். மறுபடி ஊசிக்கு வந்து நின்றபோது புற்று ஈரலுக்குப் போயிருந்தது. அந்த ஓர் ஊசி தவறியதாலா? எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்றார்கள்.

கிளம்பும் முன் அம்மா என்னிடம் வந்தார். "அன்னைக்கு நீங்க கண்டுபுடிக்காம இருந்திருந்தா, ஊசி போட்டிருப்பீங்கல்லங்க சாமி?"

"போட்டிருப்பேம்மா."

தலையை ஆட்டிக்கொண்டார். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன்.

அன்று ஹாலில் இருந்த ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் கணவர் மருந்துப் பையோடு வர, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா படியிறங்கத் தொடங்கியிருந்தார்.