பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன்

ஆபீஸில் பழைய டெஸ்ட் புரோகிராம் ஒன்றை ஓட்டினேன். கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாக ஐந்து பெயர்கள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், லோக்கல் ட்ரெயின் ரூட்டு மாதிரி இருக்கு” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெயர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

அவற்றை வைத்தது என்னோடு வேலை பார்த்த, நான் அக்கா என்று கூப்பிட்டவர். இரண்டாயிரங்களின் நடுவில், தாம்பரத்தில் நாங்கள் டீபக்கர் எழுதிக்கொண்டிருந்தோம். புரோகிராமில் எங்கே கோளாறு என்று தேடித் தருகிற கருவி அது. ஒரு புரோகிராமுக்குள் ஒரே சமயத்தில் பல வேலைகள் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு திரெட். எங்கள் டீபக்கர் அவற்றுக்கு வெறும் எண்தான் காட்டும். நாற்பது திரெட்டில் பதினேழாவது மாட்டிக்கொண்டு நின்றால், அது எந்த வேலை என்று யாருக்குத் தெரியும்? “நம்பர வெச்சிக்கிட்டு என்ன பண்றது, பேரு சொல்லிக் கூப்பிடணும்” என்று அக்காதான் ஆரம்பித்தார். திரெட்டுக்குப் பெயர் வைக்கவும், அது திரையில் தெரியவும் முழுசாக எழுதினார். சோதிக்க ஒரு குட்டிப் புரோகிராம் செய்து, தினமும் வீட்டுக்குப் போகிற வழியில் வரும் ஸ்டேஷன்களையே அதன் திரெட்டுகளுக்கு வரிசையாகப் பெயராக வைத்தார்.

அக்கா காண்ட்ராக்டில் இருந்தவர். காண்ட்ராக்ட் ஆட்களுக்குத் தாங்கள் எழுதிய புரோகிராமைக் கம்பெனி சிஸ்டத்தில் ஏற்ற அனுமதி கிடையாது. எழுதியதை மேனேஜரிடம் கொடுக்க வேண்டும், அவர் தன் லாகினில் ஏற்றுவார், எழுதியவர் என்று அவர் பெயரே பதிவாகும். என்ன கேடுகெட்ட வழக்கம் அது. “இது நல்லா வந்தா உங்கள பர்மனன்ட் பண்ணிடலாம்” என்று அவர் சொன்னதை நம்பி, அக்கா வேறு இடத்தில் கிடைத்த வேலையைக்கூட வேண்டாம் என்றார்.

வேலை நன்றாகத்தான் வந்தது. பாராட்டு மெயில் மேனேஜருக்கு வந்தது. பர்மனன்ட் செய்கிற கமிட்டி அக்காவைக் கூப்பிட்டு, உங்கள் பெயரில் ஒரு வரிகூட இல்லையே என்றது. மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாராம்.

அதே வாரம் வெளிநாட்டு கஸ்டமரிடமிருந்து புகார். பெயர் வைக்காத திரெட் ஒன்று வந்தால் டீபக்கரே பாதியில் நின்றுவிடுகிறது. அக்கா அதற்கும் எழுதித்தான் கொடுத்திருந்தார். தனி ஃபைலில் இருந்தது. படித்துப் பார்க்காமல் ஏற்றுகிற மனுஷன் அந்த ஃபைலை விட்டுவிட்டார். ஆனால் பதில் மெயிலில் என்ன எழுதினார் தெரியுமா, இது காண்ட்ராக்ட் ஆள் எழுதிய கோட் என்று. பாராட்டு வந்தபோது எங்கே போயிருந்தது இந்த ஞாபகம்?

எல்லோரும் இருந்த மீட்டிங்கில் நான் எழுந்து, இது முழுக்க அக்கா எழுதியது என்றேன். “சிஸ்டம்ல யார் பேரு இருக்கோ அதாம்மா கணக்கு” என்றார் மேனேஜர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அப்ப சொல்லுங்க சார், உங்க டெஸ்ட் புரோகிராம்ல பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் எது?”

திருவான்மியூரிலிருந்து காரில் வந்து போகிற மேனேஜருக்கு அது தெரியவில்லை. “அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்” என்றார். மற்றவர்கள் தலை குனிந்து லேப்டாப்பைப் பார்த்தார்கள். மாதக் கடைசியில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று அக்காவின் அடையாள அட்டையை செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொண்டார். “விடும்மா, ட்ரெயினுக்கு நேரமாச்சு” என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

புதுப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். அக்காவின் முழுப் பெயரையும் சொன்னேன். அவள் அந்தப் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். எழுதியவர் என்ற இடத்தில் மேனேஜரின் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது அவர் எங்கள் எல்லோருக்கும் மேலே, கண்ணாடி அறையில். பெருங்களத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் எது என்று அந்த ஆளுக்கு இன்றைக்கும் தெரியாது.