வெள்ளை நிற்காத மேகம்

இது என் வீட்டு மாடி அறையில், பட்டப்பகலில் நடந்தது. இருட்டில்தான் எதுவும் வரும் என்று அதுவரை நானும் நம்பியிருந்தேன்.

சங்கரன்கோவிலில் ஆயில் பெயிண்டில் படம் வரைந்து கொடுப்பது என் தொழில். போன அக்டோபரில் குருவிகுளத்து யோகலட்சுமி வந்து, கண்ணாடி கீறிய ஒரு போனை நீட்டினாள். முந்தின வருஷம் இறந்துபோன அவள் தம்பி மாரிக்கண்ணனுடையது. அதிலிருந்த கடைசிப் படம் ஒரு மேகம். அடிவயிறு கருத்து, மானாவாரி நிலத்தின் மேல் இறங்கி நின்றது. கீழே ஓரத்தில் சில புள்ளிகள்.

"இத வெள்ளை மேகமா மாத்திப் போடணும்க்கா. மேகம் கருத்தாலே எங்கம்மா கதவச் சாத்திட்டு மூலையில உக்காந்துருதா. ஒரு வருசமா காட்டுப் பக்கமே வரல. இத மாட்டிவச்சாலாவது வானத்த ஏறிட்டுப் பாப்பான்னு..."

"எத்தனை நாள் இருக்கு?"

"திதிக்குப் பன்னெண்டு நாள்."

அவன் எப்படி இறந்தான் என்று நான் கேட்கவில்லை. அதை மரியாதை என்று நினைத்தேன். உண்மையில் அது பயம். தெரிந்துவிட்டால் கை ஓடாது.

போனை என்னிடமே விட்டுப் போனாள்.

முதல் நாள் நிழலுக்குச் சாம்பல் பூசி, மேலே வெள்ளை ஏற்றினேன். ஓரங்களைக் காய்ந்த பிரஷால் வருடிக் கரைத்தேன். மேகம் நிஜமாவது அந்த ஓரங்களில்தான். புள்ளிகளை ஆடுகள் என்று எண்ணி, கேன்வாஸில் பெரிதாக்கி, போனில் கண்ட வடிவத்திலேயே வைத்தேன். கீழே போய்க் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அடிவயிறு கருத்திருந்தது. மணி 4:17.

அடிப்பூச்சு ஈரம். வெள்ளை அதில் கலந்துவிட்டது. அவசரப்பட்டால் ஆயில் பெயிண்ட் இப்படித்தான் செய்யும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஏழு நாள் காயவிட்டேன். தொட்டால் விரலில் ஒட்டவில்லை. கெட்டியாக வெள்ளையை ஏற்றினேன். இந்த முறை எழுந்து போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்தேன்.

4:10. தெருவில் வண்டிச் சத்தம் நின்றது.

4:15. மண் வாசனை... வெளியே சுள்ளென்று வெயில்.

4:16. வெள்ளைக்குள் ஏதோ ஊறியது.

4:17.

என் முதுகுக்குப் பின்னால்... 'கிளிக்'.

போனில் படம் எடுக்கும் சத்தம். நான் திரும்பவில்லை.

அவன் போன் என் முன்னால் மேஜையில், அணைந்து கிடந்தது.

மேகம் கருத்திருந்தது.

திதிக்கு முந்தின நாள் யோகலட்சுமி வந்தாள். வெயில் அடித்ததால் அவள் அம்மா முத்துத்தாயும் கூட வந்திருந்தாள்.

"வெள்ளை நிக்கல, யோகா," என்றேன்.

முத்துத்தாய் மேகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து, கீழே இருந்த புள்ளிகளைப் பார்த்தாள்.

"ஏட்டி, இது நம்ம வீட்டுக் கட்டில்லா? முன்னால போறது பக்கத்து வீட்டுப் பாண்டிராஜ். எம்புள்ளையத் தூக்கிட்டு வாறாங்க."

யோகலட்சுமி போனை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினாள். நாலு பேர். நடுவில் கட்டில். அதில் வேட்டி போர்த்திய ஒரு உருவம். நான் பார்த்ததை வரைந்திருக்கிறேன், என்னவென்று பார்க்கவில்லை.

படம் எடுத்த நேரம் 4:17.

"அவன் மேல இடி விழுந்தது மூணேமுக்காலுக்குக்கா." அவள் குரல் இறங்கியது. "இந்தப் போன் அவன் சட்டப்பையிலதான் இருந்துச்சு. வீட்டுக்குக் கொண்டுவந்த பெறவு நாந்தான் எடுத்தேன்."

முத்துத்தாய் கேன்வாஸை மார்போடு அணைத்துக்கொண்டாள். "கருப்பாவே கெடக்கட்டும்."

போன வாரம் யோகலட்சுமி போனில் பேசினாள். அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மேகம் கருத்தால் அம்மா இப்போது கதவைச் சாத்துவதில்லை. நேரே அந்த மானாவாரிக் காட்டுக்குப் போய், நடுவில் நின்று வானத்தை ஏறிட்டுப் பார்க்கிறாள். இடி இடித்தாலும் நகர்வதில்லை.

கையைப் பிடித்து இழுத்தால் சொல்கிறாளாம்:

"அசையாம நில்லுட்டி. படம் எடுக்கான்."