சாமிக்கு ஒதுங்கிய குழாய்

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஓர் இரும்பு எல்போ கிடக்கிறது. இரண்டு அங்குலக் குழாயைத் திருப்புவதற்கான முழங்கைத் துண்டு. ஒரு முனையில் வெட்டிய தடம் இன்னும் கரடுமுரடாக இருக்கிறது. ஈப்போ நகரில் மூன்று அலுவலகம் மாறிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் இதைக் குப்பையில் போடலாமென்று எடுத்து, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். பார்க்கிறவர்கள் அழகாயிருக்கிறது என்கிறார்கள். நான் காகிதத்தை மட்டும் உருவிக்கொள்வேன்.

செமோர் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய கையுறைத் தொழிற்சாலையில் நான் பொறியாளராக இருந்தேன். அங்கே கொதிகலன் அறையைப் பார்த்துக்கொண்ட அண்ணன் அதே தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் போனபோது முனியாண்டி சாமியின் படத்தைக் கையோடு எடுத்துவந்து, அறைச் சுவரில் பலகையடித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சம்பழம், சூடம், ஒரு சுருட்டு. மேலாளர் சீனர், அவரும் அந்தப் பக்கம் போனால் தலையைக் குனிந்துவிட்டுத்தான் போவார். அண்ணன் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்பதால் அது பிடித்திருந்தது.

அந்த வருடம் ஆவியைத் தேக்கிவைக்க அதே அறைக்குப் புதிதாக ஒரு கலன் வந்தது. அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு ஒன்று அதன் மேல் நிற்க வேண்டும். அதற்குக் கணக்குப் போட்டவள் நான். கலனிலிருந்து வால்வுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆவி குழாயிலேயே கொஞ்சம் அழுத்தத்தை இழந்துவிடும். அந்த இழப்பு, வால்வு திறக்கும் அழுத்தத்தில் மூன்று சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் திறந்த மாத்திரத்தில் அழுத்தம் போதாமல் வால்வு மூடிக்கொள்ளும். மூடியதும் அழுத்தம் ஏறித் திறக்கும். இப்படி அடித்துக்கொண்டே அது தன்னையே உடைத்துக்கொள்ளும். என் வரைபடத்தில் ஓர் அடி நேர்க்குழாய் மட்டும்தான். இழப்பு இரண்டு சதவீதம்; அதிலும் பெரும்பகுதி ஆவி குழாய்க்குள் நுழையும் வாயிலேயே. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

வேலை முடிந்ததென்று பார்க்கப் போனால், குழாய் நேராக ஏறவில்லை. பக்கவாட்டில் ஒதுங்கி, அப்புறம் மேலே திரும்பியிருந்தது.

"நேரா போட்டா சாமி மொகத்த மறைச்சிக்கிட்டு வால்வு நிக்குது தங்கச்சி. நல்லாவா இருக்கும்? அதான் வெல்டர்கிட்ட சொல்லி வளைச்சுப் போட்டாச்சு லா. ரெண்டே எல்போ. கணக்கு சரியா வருமில்ல?" என்றார் அண்ணன்.

"வரும்ணே" என்றேன். பார்க்காமலே சொன்னேன். சாமிக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு வந்தேன்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் மனம் கேட்காமல் கணக்கை எடுத்தேன். ஒரு எல்போவைக் கடக்க ஆவி படும் பாடு, ஐந்தடி நேர்க்குழாயைக் கடப்பதற்குச் சமம். இரண்டு எல்போவையும் கூடுதல் குழாயையும் சேர்த்தால் இழப்பு ஆறு சதவீதத்தைத் தாண்டியது. மறுபடி போட்டேன். அதேதான். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்; உட்கார முடியவில்லை. சொன்னால் உற்பத்தியை நிறுத்த வேண்டும். பார்த்துவிட்டுத்தானே சரியென்றாய் என்று மேலாளர் கேட்பார். வால்வு திறப்பதே எப்போதோ ஒரு முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். சின்னச் சத்தத்துக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. கொதிகலன் அறைப்பக்கம் மட்டும் போகவேயில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒன்பதாம் நாள் மத்தியானம் வேலை மாறும் நேரத்தில் இயந்திரங்கள் ஒன்றாக நின்றன. ஆவிக்குப் போக்கிடமில்லாமல் கலனில் அழுத்தம் ஏறியது. டக டக டகவென்று இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம் தொழிற்சாலை முழுக்கக் கேட்டது. என்னவென்று எனக்கு மட்டும் உடனே தெரிந்துவிட்டது. ஓடினேன். கொதிகலனை அணைக்கும் விசை அந்தக் குழாய்க்குக் கீழேதான் இருந்தது. குழாய் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் வெளியே ஓட, அண்ணன் மட்டும் உள்ளே போய், தலைக்கு மேல் வால்வு அடித்துக்கொண்டிருக்க, குனிந்து நெருப்பை அணைத்தார். சத்தம் அடங்க எவ்வளவு நேரமானதோ தெரியாது. நான் வாசலைத் தாண்டவில்லை.

வெளியே வந்தவரிடம் தாளை நீட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே தெரியும்ணே."

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குப் பார்ப்பவர்போல விரலை மடக்கினார். "ஒம்பது நாளு. ஒம்பது நாளும் அதுக்குக் கீழதானே ஒக்காந்து சாப்புட்டேன்" என்றார். கேள்வி அல்ல அது.

மறுநாள் குழாயை வெட்டி நேராக்கினார்கள். சாமி படத்தை அவரே கழற்றி எதிர்ச்சுவரில் மாட்டினார். பத்து நிமிட வேலை. மன்னிப்புக் கேட்டுச் சூடம் ஏற்றினார். பிறகு வெட்டிய எல்போக்களில் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, "ஒங்களோடது மேடம்" என்றார். அதற்கப்புறம் நான்கு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தங்கச்சி என்று மட்டும் திரும்பக் கூப்பிடவேயில்லை.

இப்போது கணினி கணக்குப் போடுகிறது. எத்தனை எல்போ என்று அதுவே கேட்கிறது. வரைபடத்தைப் பார்த்து எண்ணைத் தட்டினால் முடிந்தது. போன வாரம் பத்து காஜா என்ற ஊரில் ஓர் ஆலையில், "கணக்கு சரியா வருமாக்கா?" என்று கொதிகலன் ஆள் கேட்டார். "இருங்க, ஏறிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஏணியைக் கேட்டேன். இந்த வயதில் எதற்கு வேண்டாத வேலை என்று கூட வந்தவர்கள் சிரித்தார்கள். குழாயைத் தடவித் தடவி எண்ணினேன்.

திரும்பி வந்து, எண்ணிக் குறித்த தாளை எல்போவின் கீழ் வைத்தேன். அண்ணன் சிலிபினில் மகள் வீட்டில் இருக்கிறாராம். இங்கிருந்து பத்து நிமிடம். எத்தனையோ முறை கார்ச் சாவியை எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறேன். போனால் எழுந்து நின்று, "வாங்க மேடம்" என்பார்.