சேவியர் வென்ற வாதம்

சேவியர் இறந்துவிட்ட செய்தியை அவருடைய மனைவி ரெஜினா அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் ட்ராமில் நின்றுகொண்டிருந்தேன். ஒஸ்லோவில் நெடுநாள் வாழ்ந்தவன் என்பதால், பக்கத்தில் நின்றவருக்குத் தொந்தரவில்லாமல் துயரப்பட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும்: பகலில் தபால் பிரிக்கும் வேலை. மற்ற நேரத்தில், பண்டைக் கிரேக்கர் நாடகம் பற்றிச் சிந்தித்தவற்றைக் கிரேக்கத்திலிருந்தே தமிழாக்கும் வேலை. இரண்டாவதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். வடை இருக்கும் நாட்களில் கூட்டம் சேரும்.

ஒருமுறை நத்தார் ஒளிவிழாவில் துன்பியல் நாடகம் போட்டோம்.

"கடைசியிலை ஒரு டான்ஸ் வைச்சால் சனம் சந்தோசமாப் போகும்" என்றார் விழாக்குழுத் தலைவர்.

"கிரேக்கரிட்டையும் ஒரு பாட்டுக் கூட்டம் மேடையிலை நிக்கும். ஆடும், பாடும், ஐயோ எண்டும். ஆனா ஒருத்தரையும் காப்பாத்தாது" என்றார் சேவியர்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப எங்கடை சங்கம் மாதிரி."

பிறகு அந்தச் சொல். நல்லவன் ஒருவன் விழுவதற்குக் கிரேக்கர் சொன்ன காரணம்: ஹமார்த்தியா. கிரேக்க வேதாகமத்திலும் அதே சொல்தான். அங்கே அதற்குப் பாவம் என்று பொருள். அதனால் எங்கள் பங்குத்தந்தை, "பாவம் எண்டே போடும்" என்றார்.

"இல்லை பாதர். அந்தச் சொல்லின்ரை வேர் குறி தப்புறது. அம்பு விட்டவன் கெட்டவனில்லை, குறிதான் தப்பிட்டுது. அது பிழை."

ஒரு குளிர்காலம் முழுக்க வாதாடினார்கள். கடைசியில் பாதர், "ஓம், நீர் சொல்லுறதுதான் சரி" என்றார். குருவானவர் ஒருவர் அப்படிச் சொல்லி நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சமாதான காலத்தில், வடகோடி ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் இருந்த தன் தம்பியிடம், "இனிச் சண்டை வராது, ஊருக்குப் போய்க் கலியாணத்தைக் கட்டு" என்றவர் சேவியர். அன்று நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கதைத்தோம். எங்கள் பேச்சை நம்பி ஒருவரும் பயணம் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தம்பி போனார். இந்த வருடம், மீண்டும் மூண்ட போரின் கடைசி வாரங்களில், ஷெல் விழுந்து அவரும் மனைவியும் இறந்தார்கள்.

தம்பியைப் போகச் சொன்னதைப் பாவமென்று அறிக்கையிட, சேவியர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "பாதர் அன்பாத்தான் சொன்னவர். இது பாவமில்லையாம், பிழையாம். நான் படிப்பிச்சதுதானாம். பாவமெண்டால் மன்னிக்க ஆள் இருக்கு. பிழையை ஆரிட்டைக் கொண்டுபோறது?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். அன்று, தேநீர் ஆறுகிறது என்றேன்.

அடக்கத்துக்குப் பிறகு ரெஜினா அக்கா அந்த மொழிபெயர்ப்பை என்னிடம் தந்தார். "தம்பி, அச்சிலை போடேக்கை அந்த ஒரு இடத்திலை பாவமெண்டு மாத்திவிடுங்கோவன். அவருக்கு நல்லது."

மாற்றுவதற்காகவே அகராதிகளைப் புரட்டினேன், ஒன்று விடாமல். நாடகத்தில் வரும் அந்தச் சொல்லுக்கு ஒன்றுமே பாவம் என்று தரவில்லை. அவர் எழுதியதுதான் சரி.