நாயனத்துக்கு ஏற்ற சிந்தசைசர்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, எங்கள் மலையிலேயே எடப்புளி நாட்டு ஊரிலிருந்து வந்திருந்த நாயனக்காரர், இரண்டு சிந்தசைசர்களோடு ராசிபுரத்திலிருந்து மலையேறி வந்த ஆர்கெஸ்ட்ராக்காரர், அவருடைய வேன் டிரைவர். டிரைவர் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு வேனுக்குள்ளேயே படுத்துத் தூங்கிவிட்டார். அவரையும் சேர்த்துத்தான் ஐந்து.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். மார்கழி மாதம். சோளக்காட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டின் பின்னறையை நான் பாட்டுப் பதியும் அறையாக மாற்றியிருந்தேன். சுவரெல்லாம் சாக்கு, அதன்மேல் முட்டை அட்டை. நாலு தடத்தில் தனித்தனியாகப் பதியும் ஒரு கேசட் ரெக்கார்டர், இரண்டு மைக், ஒரு பழைய ஆர்மோனியம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு மைக் செட் கடையில் சேர்ந்தவன் நான். பற்றவைப்பது, ஒயர் இழுப்பது, பதிவது எல்லாம் அங்கே கையால் கற்றது. ஊர்ச் சாமிகளின் பாட்டைக் கேசட்டாகப் போட்டால் மலையில் வாங்க ஆள் இருந்தது. ஆனால் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு எத்தனை கேசட் போடுவது? எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி கேட்கிறது என்று கடைக்காரர்களே சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதனால்தான் ஒரு சிந்தசைசர் விலைக்கு வாங்கலாம் என்று தேடினேன்.

கேசட் விற்பது பாட்டுக்காக மட்டும் அல்ல, நாயனத்துக்காகவும்தான். மலையில் எந்த நோம்பி, திருவிழா என்றாலும் அந்த நாயனக்காரரைத்தான் முதலில் கேட்பார்கள். என் வயதுதான். மரவள்ளிக் காடு இருக்கிறது, கோபமும் இருக்கிறது. கீழே ஒரு ஸ்டுடியோவில் அவரைக் கூப்பிட்டு, "எங்க கீபோர்டுக்குச் சேருற மாதிரி ஊதுங்க, உங்க நாயனம் தப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். பாதிப் பாட்டில் எழுந்து பஸ் ஏறி வந்துவிட்டார். இனி எந்த மிஷினோடும் ஊத மாட்டேன் என்றவரை, ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் என்று நான் வற்புறுத்தி அழைத்திருந்தேன். அன்று அவர் மனம் கோணிப் போய்விட்டால் என் பின்னறை மறுபடி மிளகு மூட்டை போடும் அறைதான்.

எனக்குக் கவலைப்படுவது சோறு தின்பது மாதிரி. கரண்ட் குறைந்தால் என்ன ஆகும், பனி உள்ளே இறங்கினால் என்ன ஆகும், எலி ஒயரைக் கடித்தால் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்துத்தான் ஆர்கெஸ்ட்ராக்காரரிடம் பிடிவாதமாகச் சொன்னேன்: உங்கள் ஊரில் வாசித்துக் காட்ட வேண்டாம், என் அறையில், இந்தக் குளிரில் வாசித்துக் காட்டுங்கள்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கக்கூட இத்தன வளைவு ஏறுனதில்லீங்க" என்று வந்ததும் சொன்னார். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே வருவதற்குள் மனிதர் முகம் வெளுத்திருந்தது. என் மனைவி எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள்.

முதலில் பெரியதை வைத்தார். புதுசு. நீல வெளிச்சத்தில் எழுத்து ஓடியது. தொட்டால் தபேலா, தொட்டால் வயலின் கூட்டம், இன்னொரு பட்டனில் ஒரு முழு பேண்டே வாசித்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு, இதையே வாங்கிவிடலாம் என்று அர்த்தம். எனக்கும் ஆசைதான்.

நாயனக்காரர் சீவாளியை வாயில் நனைத்து, நாயனத்தில் பொருத்தி ஊதினார். பெட்டியின் சுருதி கொஞ்சம் மேலே இருந்தது. ஆர்கெஸ்ட்ராக்காரர் ஏழெட்டுப் பட்டன்களை அழுத்தி, நீலத்தில் ஓடும் எழுத்துகளுக்குள் எங்கேயோ போய்ச் சுருதியை இறக்கினார். இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டன.

"சரியாப் போச்சு. துணி போட்டு மூடிக் குடுத்தறட்டுங்களா?" என்றார் ஆர்கெஸ்ட்ராக்காரர்.

"இன்னும் கொஞ்சம் ஊதட்டுங்க" என்றேன்.

குளிரில் எடுக்கும்போது நாயனம் இறங்கி நிற்கும். ஊத ஊத மூச்சுச் சூட்டில் மேலே ஏறும். எங்கள் மலையில் விடியற்காலை பூசைக்கு ஊதுகிறவர்களுக்கு அது பழக்கம். கூட அடிக்கும் கொட்டுக்குச் சுருதிக் கவலை இல்லை. அவர் இரண்டாவது பாட்டுக்குப் போகும்போதே பெட்டியின் சுருதியும் நாயனத்தின் சுருதியும் உரசி, காதுக்குள் அலை அடிக்க ஆரம்பித்தது. வாசிப்பதை நிறுத்தினால்தான் ஆர்கெஸ்ட்ராக்காரர் மறுபடி உள்ளே போய்ச் சரிசெய்ய முடியும். செய்தார். அதற்குள் நாயனம் இன்னும் ஏறியிருந்தது. மூன்றாவது தடவை அவருக்கே அலுத்துவிட்டது.

"அண்ணா, நீங்க கொஞ்சம் எறக்கி ஊதுங்களேன்."

நாயனக்காரர் சீவாளியைக் கழற்றித் துடைத்து, டப்பாவில் போட்டு, டப்பாவைப் பைக்குள் வைத்தார்.

"மாமா, இன்னொன்னு இருக்குங்க" என்றேன். சொந்தம் இல்லை, ஊர் வழக்கத்துக்கு அவர் எனக்கு மாமா.

"அதுவும் என்னையத்தான் எறங்கச் சொல்லும் மாப்ள."

இரண்டாவது பெட்டி பழையது. விளிம்பில் மரம் பெயர்ந்திருந்தது. எழுத்து ஓடும் கண்ணாடி இல்லை, தாளம் இல்லை. ஒரே நேரத்தில் ஆறு கட்டைக்கு மேல் அமுக்கினால் பேசாது. மேலே வரிசையாகத் திருகுகள் மட்டும். ஆர்கெஸ்ட்ராக்காரர் நல்ல மனிதர், மறைக்கவில்லை. "பொய் சொல்லி விக்க மாட்டேனுங்க. குளிர்ல இதுக்கும் சுருதி நிக்காது. சூடேறணும். ரெண்டையும் காட்டலாமேன்னுதான் கொண்டாந்தேன்."

நான் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் மைக் செட் கடையில் வளர்ந்தவனுக்குத் திருகு என்றால் கை தானாகப் போகும். இடது ஓரத்தில் இருந்ததை லேசாகத் திருப்பினேன். சுருதி வழுக்கிக்கொண்டு மேலே போனது, கீழே வந்தது. எதற்குள்ளும் போக வேண்டாம், வாசிப்பை நிறுத்த வேண்டாம். மெட்டு வாசிக்க வலது கை போதும். இடது கை சும்மாதானே இருக்கிறது?

மனைவியைக் கூப்பிட்டேன். ஆர்மோனியத்தில் எனக்குச் சுருதி பிடித்துப் பழகியவள் அவள். "சட்ஜமும் பஞ்சமமும் அமுக்கிக்கிட்டே இரு. விட்டுறாத."

பிறகு நாயனக்காரரிடம், "மாமா, நீங்க எறங்கவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படி ஊதுங்க. நான் பின்னால வாரேன்" என்றேன். என் குரல் நடுங்காமல் வந்தது எனக்கே ஆச்சரியம்.

சீவாளி மறுபடி வெளியே வந்தது. அதற்குள் நாயனம் ஆறியிருந்ததால் கீழேதான் தொடங்கினார். நான் காதை அவரிடம் கொடுத்துவிட்டு விரலைத் திருகில் வைத்தேன். அலை அடித்தது, மெதுவாகத் திருப்பினேன், அலை நின்றது. நாயனம் சூடாகி ஏறியது, நானும் ஏறினேன். பெட்டியும் தன் பங்குக்கு நழுவியது, அதையும் சேர்த்துப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் குறும்பு வந்துவிட்டது. வேண்டுமென்றே ஒரு ஸ்வரத்தை அழுத்தி மேலே தள்ளினார். நான் விடவில்லை. சட்டென்று தளர்த்திக் கீழே இறக்கினார். அங்கேயும் போய் நின்றேன். ஊதமுடியாமல் சிரித்துவிட்டார்.

"அட, இது பொண்டாட்டியாட்டம் பின்னாலயே வருதே!"

கட்டையிலிருந்து கையை எடுக்காமல் என் மனைவி, "எந்த ஊட்டுலீங்க அப்படி? இங்க நான் முன்னால போறேன், இவருதான் பின்னால வாராரு" என்றாள்.

"அதான பாத்தேன். மாப்ளைக்குப் பின்னால வந்து நல்ல பழக்கம்!"

அந்தப் பெட்டிதான் என்று அப்போதே முடிவு செய்தேன். இத்தனை வருடம் கழித்தும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வாழ்க்கையில் அப்படிச் சந்தேகம் இல்லாத காரியங்கள் அதிகம் கிடையாது.

ஆர்கெஸ்ட்ராக்காரர் மட்டும் ஒன்றைக் கவனித்துவிட்டார். எங்களுக்கு அது பிடித்துவிட்டது என்பதை. இருபதாயிரம் என்றார்.

"பாட்டு சேர்ந்ததும் வெலையும் ஏறிப்போச்சுங்களா?" என்றாள் மனைவி. "சித்த முன்னால அது சூடேறணும், சுருதி நிக்காதுன்னீங்க."

"அது அப்பங்க. இப்பத்தான் சூடேறிருச்சுல்லங்க!"

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் அவள் விடவில்லை. ஒரு வழியாகப் பதினாறாயிரத்துக்கு இறங்கி வந்தார். எங்களிடம் இருந்தது ஒன்பதாயிரம். மாதாமாதம் தருகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எங்களுக்கு மாதாமாதம் எதுவும் வருவதில்லை. அப்போது நாயனக்காரர் நடுவில் வந்தார்.

"மாசில மொளகு எடுத்ததும் குடுத்துருவாருங்க. குடுக்கலைன்னா எங்கிட்டக் கேளுங்க. இனிமே நான் இங்கதான் ஊதப்போறேன், வேற எங்க போயிருவேன்?"

ஆர்கெஸ்ட்ராக்காரர் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு போய் டிரைவரை எழுப்பி, பெரிய பெட்டியை மட்டும் வேனில் ஏற்றச் சொன்னார். நாங்கள் தரவேண்டிய பாக்கி ஏழாயிரம் ரூபாய்.