கடைசி பெஞ்சுக்கு இடம் மாறிய ஜமீலா டீச்சர்

வெள்ளிக்கிழமை காலை தேரடி வீதியில் காய் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியின் பழைய பியூன் சைக்கிளை நிறுத்தி, "சார், நம்ம ஜமீலா டீச்சர் தவறிட்டாங்க" என்றார். பையிலிருந்த கத்தரிக்காயைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு, எழுபதுகளில், நான் தலைமையாசிரியர். அவர் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. அதிர்ந்து பேச மாட்டார், பிடித்த பிடியையும் விட மாட்டார். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனதே இல்லை. இன்று அதை மறைத்து எழுதினால் அவரே சிரிப்பார்.

என் பள்ளியில் மார்க்குப்படிதான் உட்கார வேண்டும். முதல் ரேங்க் முதல் பெஞ்ச், பெயிலானவர்கள் கடைசி. சட்டம் போட்டவன் நான்தான், அதில் பெருமை வேறு. அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து வந்த செல்வி இரண்டு முறை பெயிலாகிக் கடைசி பெஞ்சில் கிடந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் என்று நினைத்தேன். இந்த முறையும் தேறாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவதென்று முடிவு செய்தேன். அவள் அப்பாவும், "மாடு மேய்க்கட்டும், வுடுங்க சார்" என்றுவிட்டார்.

ஜமீலா டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"சார், அது மக்கு இல்லீங்க. காது கம்மியா கேக்குது. போர்டு பக்கம் திரும்பிப் பேசினா முழிக்குது. மூஞ்சியப் பாத்துப் பேசினா டக்குனு பதில் சொல்லுது. முன்னாடி உக்கார வெக்கிறேன்."

"ஒருத்திக்காக சட்டத்த மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க டீச்சர்."

"சரிங்க சார்" என்று போய்விட்டார்.

மறுநாள் அந்த வகுப்பைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர் கடைசி பெஞ்சுக்கு எதிரே நின்று, செல்வியைப் பார்த்தபடி பாடம் நடத்துகிறார். முதல் ரேங்க் பிள்ளைகள் கழுத்தைத் திருப்பி அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"என்ன கூத்து டீச்சர் இது?"

"பசங்க யாரும் இடம் மாறலீங்களே சார்."

ஒரு வாரம் நான் அவரிடம் பேசவில்லை. அந்த ஆண்டு செல்வி தேறினாள். அடுத்த ஜூனில் ரேங்க் வரிசையை எடுத்துவிட்டேன். ஆனால் அதற்கு முன் நான் டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளைகளில் எத்தனை பேருக்குக் காது கேட்கவில்லையோ, கண் தெரியவில்லையோ! நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. இதை டீச்சரிடம் நான் சொன்னதேயில்லை.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் அழுதபடி நின்ற இளம்பெண், "நான் செல்வி, சார்" என்றாள். டைப்பிஸ்ட் வேலையில் இருக்கிறாளாம். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ சொன்னேன். அவள் ஓரடி முன்னால் வந்தாள்.

"சார், என்னப் பாத்து சொல்லுங்க."

நிமிர்ந்தேன். "என்ன மன்னிச்சிடும்மா."

அவள் மெல்லத் தலையசைத்தாள்.

போய் வாருங்கள் டீச்சர். அவளுக்குக் கேட்டுவிட்டது.