சூடேறிய பென்சில் செல்

சின்னமனூரை ஒட்டிய வயல்காட்டில் எனக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. இருபது பேருடைய நெல் வயல்கள். அவரவர் மடைக்கு அவரவர் போய் நின்றால் அடிதடியில்தான் முடியும். அதனால் எல்லாரும் சேர்ந்து ஒரு ஆளை வைத்திருந்தார்கள். அந்த ஆள் நான். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே எனக்கு நெல்லாக அளந்து போடுவார்கள். வருடம் பூராவும் வீட்டில் சோறு அதில்தான்.

இந்த வேலைக்குக் காது வேண்டும். வாய்க்காலில் எனக்கு மேலே இன்னொரு மடை உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். அவர் பக்கத்துத் தண்ணீர் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட்டு ஒரு சத்தம் கொடுப்பார். நடுவில் தென்னந்தோப்பு. ஆள் தெரியாது, குரல்தான். குரல் வந்ததும் நான் என் மடையைத் திறக்க வேண்டும். திறக்காமல் விட்டால் மொத்தத் தண்ணீரும் வந்து முட்டும். கரை எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே உடைத்துக்கொண்டு போகும். செல்போன் அப்போது எங்கள் யாரிடமும் கிடையாது.

ஒரு காய்ச்சலுக்குப் பிறகு எனக்குக் காது மந்தமாகிவிட்டது. தேனியில் முகாம் போட்டபோது போய் நின்றேன். ஒரு பெட்டி கொடுத்தார்கள். சிகரெட் பெட்டி அளவு இருக்கும். பெட்டி சட்டைப் பைக்குள், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காதில் செருகுகிற குமிழ். ஒரு பென்சில் செல் போட்டால் வேலை செய்யும். மாட்டிய முதல் நாள் யாரோ பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தேன். என் செருப்புச் சத்தம்தான் அது.

கடைச் செல் ஐந்தாறு நாளில் தீர்ந்துவிடும். வாங்கி மாளவில்லை. சின்னமனூரில் ரேடியோ, டார்ச் எல்லாம் பழுது பார்க்கிற கடைக்காரர் ஒரு சார்ஜரைக் காட்டினார். சுவரில் இருக்கிற பிளக்கில் நேராகச் செருகுவது. அதற்கென்று தனிச் செல்கள் இரண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் சிவப்பு விளக்கு எரியும். ஒன்றை மட்டும் போட்டால் எரியாது. சாயங்காலம் போட்டுவிட்டு விடிந்து எடுக்கச் சொன்னார். ஒரு செல் நாலு நாள் தாங்கும் என்றார். ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொள்ளலாம், ஒன்றை மடியில் முடிந்துகொள்ளலாம். வாங்கிக்கொண்டு வந்தேன்.

செல்கள் இரண்டும் சார்ஜருக்குப் போய்விட்டால் எனக்குக் காது இல்லை. மனைவி என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். விடிந்து பார்த்தால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எடுத்து மாட்டுவேன். மதியத்துக்குள் ஒன்று செத்துவிடும். அடுத்ததைப் போட்டால் பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விடும். கரண்டு போய்ப் போய் வருவதால் இப்படி ஆகிறது என்று நினைத்தேன். தினமும் சார்ஜில் போட்டு எடுத்து ஓட்டினேன்.

மச்சானுக்கு இதில் ஒரே கொண்டாட்டம். பார்க்கிற இடத்தில் எல்லாம் கேட்பார்.

"என்ன மாப்ள, இன்னைக்குப் பொட்டிக்குச் சோறு போட்டியா, பட்டினியா?"

நான் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். பதில் சொன்னால் இன்னொன்று வரும்.

நாற்றுப் பாவுகிற சமயத்தில் ஒரு தண்ணீர் முறை வந்தது. அன்று காலையில் போட்ட செல் பத்து மணிக்கே செத்துவிட்டது. மடியில் இருந்ததை எடுத்துப் போட்டேன். மடைப் பக்கத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி செத்தால் சொல்லிவிட்டுச் சாகாது. காடு கொஞ்சம் அமைதியான மாதிரி இருக்கும், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மச்சானுக்கு இன்னும் முறை முடியவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

அவர் நாலு தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோப்புக்குள் ஓடி வந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. கை காட்டிய பக்கம் பார்த்தேன். கரை உடைந்து, கீழ்வயல் அக்காவின் நாற்றங்கால் மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அந்த அக்கா தனி ஆளாக வெள்ளாமை பார்ப்பவர். முந்தின நாள்தான் முளைகட்டிய விதையை விதைத்திருந்தார். அவ்வளவும் ஒரு மூலையில் போய்க் குமிந்து கிடந்தது. அக்கா வந்து நின்று பார்த்தார். என்னவோ சொன்னார். பெட்டிக்கு உயிர் வந்த பிறகு மச்சானிடம் கேட்டேன். "வெதையப் பூராம் வாரிக்கிட்டுப் போயிருச்சே" என்று மட்டும் சொன்னாராம். என்னை ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் வயல்காரர்கள் கூடினார்கள். என்ன சொல்லப்போகிறார்கள் என்று கேட்க வேண்டுமே. கடைச் செல் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனேன். அங்கே பெரிய வயல்காரர்தான் பேசினார்.

"ஒன்னையக் குத்தம் சொல்லலப்பா. அடுத்த முறைக்கும் நீயே நில்லு. நானும் வந்து நிக்கிறேன். அதுலயும் கேக்கலைன்னா வேற ஆளு போட்டுக்கிறோம். மனசுல வச்சுக்கிறாத."

நான் சரி என்றேன். அடுத்த முறைக்கு எட்டு நாள் இருந்தது. அந்த ஒரு முறையைக் கடைச் செல் போட்டு ஒப்பேற்றிவிடலாம். அதற்கு அடுத்த முறைகளுக்கு என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததும் வீட்டில் விதைக்கு வைத்திருந்த நெல்லை ஊறப் போட்டேன். பிறகு சார்ஜரையும் செல்களையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஏமாற்றிவிட்டீர்கள் என்று கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. இங்கேயே சார்ஜ் போடுகிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். போய் வாங்கி வந்தேன். ஒரு செல் நாலு நாள் முழுசாக நின்றது. ஐந்தாம் நாள்தான் செத்தது. திரும்ப அவரிடம் போனேன்.

"சார்ஜர் நல்லாத்தான் இருக்கு. வீட்டுல யாராவது தொடுறாகளா?" என்று கேட்டார்.

வீட்டில் நானும் மனைவியும்தான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பெட்டிதான் செத்துவிட்டதோ என்று சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"நாந்தான் எடுத்து வப்பேன்."

"எதுக்கு?"

"தொட்டா சுடுதுங்க. கொதிக்குது. நெஞ்சுல வச்சுக்கிட்டுத் திரியிறீக. வெடிச்சுக் கிடிச்சுப் போச்சுன்னா நான் எங்கன போவேன்?"

நான் படுத்த கொஞ்ச நேரத்தில் செல்களைக் கழற்றிவிடுவாளாம். ஈரத்துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைத்துவிடுவாளாம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் போடுகிற மாதிரி. வாசல் தெளிக்க எழுந்திருக்கும்போது துடைத்துத் திரும்பச் சொருகிவிடுவாள். நான் கண் விழிக்கும்போது சிவப்பு விளக்கு எரியும். இரண்டு மாதமாக இதுதான் நடந்திருக்கிறது.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். ஒரு நா இல்ல, மூணு நா சொன்னேன். நீங்க தலைய ஆட்டுனீக."



மறுபடியும் கடைக்குப் போனேன். கரண்டு ஏறும்போது சூடாகும், வெளியே எடுத்தால் ஆறிவிடும், வெடிக்காது என்று கடைக்காரர் சொன்னார். வந்து அப்படியே சொன்னேன். அவள் நம்பவில்லை. கடைக்காரர் அவர் நெஞ்சில் வைத்துக்கொண்டு சொல்கிறாரா என்று கேட்டாள். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இரவு செல்லைத் தொடுவதில்லை. காலையில் அவள்தான் எடுப்பாள். தட்டில் வைத்து ஆற வைப்பாள். கன்னத்தில் வைத்துப் பார்த்து, குளிர்ந்த பிறகுதான் என் கையில் கொடுப்பாள். அதற்குள் நான் பல் விளக்கி, கஞ்சி குடித்து முடித்துவிடலாம்.

எட்டாம் நாள் மடைக்குப் போனேன். பெரிய வயல்காரர் முன்பே வந்திருந்தார். கூடவே ஒரு ஆளையும் கூட்டி வந்திருந்தார். அந்த ஆள் மண்வெட்டியோடு தென்னை நிழலில் உட்கார்ந்திருந்தான். நல்ல உடம்பு, இளவட்டம். என்னைவிட வேகமாக மடை திறப்பான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

வாய்க்காலில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது. கொக்கு ஒன்று இறக்கையைத் தட்டிக்கொண்டு எழுந்து போனது. மதியம் தாண்டியது. பெட்டி சாகாமல் தாங்கியது. எனக்கு மூத்திரம் முட்டியது. அடக்கிக்கொண்டு நின்றேன்.

வெயில் சாயும்போது தோப்புக்கு அந்தப் பக்கமிருந்து மச்சான் குரல் வந்தது. வழக்கமாக "ஓய்" என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு "மாப்ளே" என்று இழுத்தார். அந்த ஆள் தலையைத் தூக்குவதற்குள் நான் பலகையை உருவிவிட்டேன். தண்ணீர் திரும்பியது.

பெரிய வயல்காரர் குனிந்து மடை வாயில் தண்ணீர் போவதைப் பார்த்தார்.

"அறுப்பு வரைக்கும் நீயே பாத்துக்க" என்றார். வந்த ஆளைக் கூட்டிக்கொண்டு கரையோடு போய்விட்டார்.

முதல் வேலையாகத் தோப்புக்குள் போய் ஒதுங்கிவிட்டு வந்தேன்.

என் விதையை முளைகட்டிக் கீழ்வயல் அக்காவின் நாற்றங்காலில் அந்த வாரமே தெளித்திருந்தேன். நாற்று சமமாக எழுந்து வந்தது. அக்கா அதைப் பறித்து நட்ட அன்று முறைப்படி வடக்கு வயலுக்குத்தான் முதல் தண்ணீர் போக வேண்டும். நான் கீழ்வயலுக்குத் திருப்பினேன். வடக்கு வயல்காரர் வரப்பில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, வெற்றிலையை மென்றுகொண்டே உட்கார்ந்துவிட்டார். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசி நாற்று முடியைப் பிரித்து நட்டு முடித்தார்.